காவலுக்குப் பெண், கையெழுத்துக்கு ஆணா?

இன்றைய உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள டுங்ரி பைன்டோலி கிராமத்தில் 1980-இல் ஒரு பேரம் படிந்தது. ஊரை ஒட்டிய ஓக் காட்டைத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்குச் சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், மின்சாரம் வரும். ஊர்ச்சபை ஆண்கள் சம்மதித்தார்கள். பெண்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் திரண்டு வந்து தடுத்ததால் காடு பிழைத்தது.

ஆண்களைப் பேராசைக்காரர்களாகவும் பெண்களை வனதேவதைகளாகவும் வைத்து இந்தக் கதையைச் சொல்வது எளிது, நியாயமாகாது. பிரசவ வலி கண்டவளுக்கும் சாலை வேண்டும். குடிமக்களுக்கு எப்படியும் செய்து தர வேண்டியதைக் காட்டுக்கு விலையாக வைத்ததே முதல் தவறு. அந்த விலைக்கு இசைந்தவர்கள் நட்டத்தைச் சுமக்கப்போகிறவர்களாக இல்லை என்பது அடுத்த தவறு. ஓக்கின் தழை மாட்டுக்குத் தீவனம். காய்ந்த கிளை அடுப்புக்கு. உதிர்ந்த சருகைத் தொழுவத்தில் பரப்பினால் சாணத்தோடு மட்கி வயலுக்கு எருவாகும். அரிவாளால் கிளை கழித்து, கயிற்றால் கட்டி, சரிவில் முதுகுச்சுமையோடு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே. காடு எட்டிப்போனால் அந்தத் தூரம் அவர்கள் தலையில்தான் விடியும்.

பெண் இயல்பிலேயே இயற்கையின் காவலர் என்ற புகழ்ச்சி இந்த இடத்தில்தான் உறுத்துகிறது. வேறு வழியின்றிச் சுமக்கும் பாரத்தை அது பிறவிக்குணமாக்கிவிடுகிறது. குணம் என்று ஆகிவிட்டால் உரிமையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா?

அதே மாவட்டத்து ரேணி கிராமத்தில் 1974 மார்ச் 26 அன்று, ஆண்கள் நில இழப்பீட்டுக்காக வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவியின் தலைமையில் 27 பெண்கள் குறுக்கே நின்றார்கள். மரங்கள் நிலைத்தன, மரங்களைக் காக்க எழுந்த சிப்கோ இயக்கம் உலகப் புகழ் பெற்றது. 1982-இல் நந்தா தேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, அந்த வட்டாரத்து மக்களின் மேய்ச்சல் வழிகள் அடைபட்டன. காத்தவர்களே வேலிக்கு வெளியே நின்றார்கள்.

காட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை கொடுத்தபின் பெண்களே மரத்தை விற்க முடிவு செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வி ஒதுக்கத்தக்கதன்று. நூற்றாண்டுகளில் வளர்ந்த முதுகாடு எந்தத் தலைமுறைக்கும் தனிச்சொத்தாகாது. அந்த வரம்பு ஊருக்கு இருப்பதுபோல அரசுக்கும் குத்தகைதாரருக்கும் இருந்தாக வேண்டும். பெண்களுக்கு மட்டும் வரம்பு பேசிவிட்டு, கோடரிக்கு உரிமம் வழங்கும் கையை விட்டுவிடுவது அறமாகாது.

குஜராத்திலும் நேபாளத்திலும் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் பீனா அகர்வால், வன நிர்வாகக் குழுவில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் காட்டின் நிலை மேம்பட்டதைக் கண்டார். நல்ல செய்திதான். ஆனால் காடு செழிக்கிறது என்பதற்காக மட்டும் பெண்ணுக்கு இடம் தருவது, அவளை மறுபடியும் கருவியாக்குவதே. பாதிப்பு யாருக்கோ, முடிவிலும் அவருக்குப் பங்கு உண்டு; விளைவு எப்படி இருந்தாலும் இந்த நியாயம் மாறாது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா தரச் சொல்கிறது. அதன் விதிகள் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களைக் கேட்கின்றன. ஆனால் பெண்கள் தழை வெட்டப் போயிருக்கும் வேளையில் கூட்டத்தைக் கூட்டினால், ஏட்டில் இருக்கும் அந்த இடம் காலியாகவே கிடக்கும். காட்டைக் காத்த பெண்களுக்கு விருது வழங்குவதைவிட, அவர்களுக்கு ஒழியும் நேரத்தில் கூட்டத்தை வைத்து, அவர்கள் வேண்டாம் என்றால் அந்த மறுப்பை ஏற்பதே கடன்.