மணல்மேல் குடியிருப்பவர்களுக்கு
(திருவருகைக் காலம், முதல் வாரம், வியாழன் – மத்தேயு 7:21, 24–27)



இன்றைய நற்செய்தியைக் கடற்கரை ஊரில் வாசிக்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மணல்மேல் வீடு கட்டியவன் புத்தியில்லாதவன் என்கிறார் இயேசு. வேம்பாறு தொடங்கிப் பெரியதாழை வரை நம் ஊர்கள் வேறு எதன்மேல் நிற்கின்றன? கரையில் வெள்ளை மணல். உள்ளே சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் போனால் செக்கச் செவேலென்று தேரி மணல். அப்படியானால் நாம் எல்லாருமே அறிவிலிகளா?

இயேசு வாழ்ந்த நாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே கோடையில் மழை கிடையாது. ஓடைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மெத்தென்ற மணல், நல்ல சமதளம், கடைக்கால் தோண்டுவதும் லேசு. வீடு கட்ட இதைவிட வசதியான மனை உண்டா என்று தோன்றும். மாரி பிறந்ததும் மலையில் பெய்தது அத்தனையும் அந்த வழியாகவே இறங்கும். கோடையில் கண்ட நிலத்தை வைத்தே முடிவு செய்துவிட்டான் அந்த மனிதன். அவனுடைய பிசகு அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

நம் கதையும் அதேதான். தென்மேற்கு மழையை மேற்குமலை மறித்துக்கொள்கிறது; நமக்கு ஆனி ஆடியில் வருவது மண்ணை வாரி இறைக்கும் காற்று மட்டும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மற்ற மாதங்களில் ஓடை எது, தருவை எது, பொட்டல் எது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மனைக்கல் நட்டு விற்கிறவருக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார்.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாவட்டத்தில் வழக்கமாக ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. ஓடைகளும் தங்கள் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தன. அது ஆண்டவர் தந்த தண்டனை என்று அப்போது பேசியவர்கள் உண்டு. நற்செய்தியைத் திரும்பப் பாருங்கள்: இரண்டு வீட்டின்மேலும் ஒரே மழைதான் பெய்கிறது, ஒரே காற்றுதான் மோதுகிறது. நல்லவன் வீட்டுக்குத் தூறல், கெட்டவன் வீட்டுக்குப் புயல் என்று இயேசு பிரிக்கவில்லை. ஆகவே வீடு இழந்தவர்களைப் பார்த்து அந்தப் பேச்சை இனி யாரும் பேச வேண்டாம்.

மணலுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை அதன் போக்கில் விட்டவர்களை அது கைவிட்டதில்லை. பனை வேரோடிய தேரி காற்றுக்கு அசைந்து கொடுக்காது. பெய்த மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். கடலோர மேட்டுக்கு அடியில், உப்புத் தண்ணீரின் மேலே நல்ல தண்ணீர் பாலாடை போல மிதந்து நிற்கிறது. மேட்டைக் கரைத்து மணலை லாரியில் ஏற்றி, மோட்டார் வைத்து அளவில்லாமல் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும். உடன்குடிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாரை ஆண்டாண்டாக உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினோமே!

சவேரியார் திருநாளையொட்டி மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் அந்தக் குன்றை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனிதர் தங்கிச் செபித்ததாக நாம் போற்றும் குகை அங்கேதான் இருக்கிறது. 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில் நிற்பதும் அதன்மேல்தான். அந்தப் பாறை ஒரு காலத்தில் காற்று குவித்த வெறும் மணல். சிப்பிச் சுண்ணாம்பு ஊறி ஊறி, நெடுங்காலத்தில் இறுகிப்போனது.

கேட்டு, கேட்டபடி நடப்பவரே பாறைமேல் கட்டியவர் என்கிறார் ஆண்டவர். அந்த டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலில் உலையேற்றிச் சோறு பொங்கிப் போட்டார்கள். அவர்கள் நம் மறைக்கல்விக்கு வந்தவர்கள் அல்லர். ஆண்டவர் சொன்ன வீடு எது என்று அவர்களைப் பார்த்தால் தெரிகிறது.

திருப்பலி முடிந்ததும் ஊர்க் கமிட்டி கூடுகிறது. நம் ஓடை எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்துக் குறிக்கப் போகிறோம். எழுபது வயதைத் தாண்டிய பாட்டையாக்களும் ஆச்சிமார்களும் கட்டாயம் வர வேண்டும். தண்ணீர் முன்பு போன வழி உங்களுக்குத்தான் தெரியும். ஓடையை ஒட்டி வீடு கட்டியிருப்பவர்களும் சங்கடப்படாமல் வாருங்கள். யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கூட்டம் கூடவில்லை. வடக்கே கோயில் மதில் ஓரத்திலிருந்தே அளக்கத் தொடங்குவோம்.