பட்டுப்புழுவின் உயிரும் முறிந்த எலும்பும்

முறிந்த எலும்பு பெரும்பாலும் தானே கூடிவிடும். முறிவில் ரத்தம் உறைந்து, குருத்தெலும்பு வளர்ந்து, அது மெல்ல எலும்பாக இறுகும். இடைவெளி பெரிதாகிவிட்டால் செல்கள் பற்றி வளர ஒரு சாரம் தேவைப்படுகிறது. பட்டிலுள்ள ஃபைப்ரோயின் என்னும் புரதம் இதற்கு ஏற்றது: உடல் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ள, அந்த இடத்தைப் புது எலும்பு நிரப்புகிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானும், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுபாஸ் குண்டுவும் பட்டுப் புரதங்களை இந்த நோக்கில் நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள்.

பட்டுத்தறிகளுக்குப் பேர்பெற்ற ஆரணி, தமிழ்ச் சமணர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதியும் ஆகும். கொல்லாமையே அவர்களுக்குத் தலையாய அறம். ஆனால் பட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியேறினால் நூல் அறுபடும். அதனால் கூட்டுப்புழு நீராவியிலோ சூட்டிலோ முன்னதாகவே கொல்லப்படுகிறது. ஒருவரின் எலும்பு கூடுவதற்கு அந்த உயிரின் இறப்பு தகுமா?

சமண அறநூல்கள் கொலையை நால்வகையாகப் பிரிக்கின்றன: வேண்டுமென்றே செய்வது, இல்வாழ்வில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தாரும் அறவே விடவேண்டும். புழு நெசவுக்காகவே இறந்தது, மருத்துவர் அந்தப் பட்டை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான் என்று வாதிடலாம். பிறர் கொன்றதை உண்பதில் பழியில்லை என்ற பௌத்தரின் வாதத்தை நீலகேசி என்னும் தமிழ்ச் சமணக் காப்பியம் மறுத்தது. அதே மறுப்பு இங்கும் செல்லும். வாங்குவோர் பெருகினால் கொலையும் பெருகும்.

இதற்கு விடை தேட, பட்டைப் பதப்படுத்தும் முறையையே பார்க்கவேண்டும். ஆரணியில் சாயமேற்றுமுன் நூலை சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரிலிட்டுப் பசை நீக்குவார்கள். ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை அதுவே. செரிசின் என்னும் அந்தப் பசை ஃபைப்ரோயினோடு சேர்ந்து உடலில் அழற்சியை உண்டாக்கக்கூடும். அதன்பின் வழிகள் பிரிகின்றன. தறிக்கு அறுபடாத இழை வேண்டும். ஆய்வாளரோ இழையை உப்புக் கரைசலில் முழுவதும் கரைத்து, நுண்துளைப் பஞ்சாக வார்க்கிறார். அறுந்த இழையும் அவருக்குப் போதும். பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் அந்துப்பூச்சி வெளியேறிய விதைக்கூடுகள் ஏற்கெனவே உள்ளன. பூச்சியின் கறையைக் கழுவினால் அவையே பயன்படும். ஆகவே இந்த வகை மருத்துவத்துக்கு, நெசவாளர் சொல்லக்கூடிய தொழில் தேவை என்ற காரணத்தைச் சொல்ல இடமில்லை.

விதைக்கூட்டிலும் பழி முற்றிலும் நீங்காது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, பெப்ரின் நோய் உண்டா என்று நுண்ணோக்கியில் சோதிப்பது வழக்கம். அது புழுக்களின் நலனுக்காகச் செய்யப்படுவது. ஆனாலும் சில நாளே வாழும் பூச்சிக்கு அது கொலையே. எலும்புச் சாரம் போலன்றி, மூட்டின் தசைநாருக்கு மாற்றாக முறுக்கிய பட்டுக்கயிறு செய்யும் ஆய்வுகளுக்கு அறுபடாத இழை வேண்டும். அங்கே தறிக்குரிய கேள்வி அப்படியே நிற்கிறது.