மூதாதையை எலும்பு சொல்லுமா? ஜவ்வாது மலைக் கல்திட்டைகளை முன்வைத்து

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், கற்பலகைகளைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாக ஏற்றிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பல நிற்கின்றன. தரைக்கு மேல் அமைந்த இவ்வகைச் சின்னத்தைத் தொல்லியலார் கல்திட்டை என்பர். மலைமக்கள் வழக்கிலோ இவை முன்னொரு காலத்தில் வாழ்ந்த குள்ளர்களின் இருப்பிடங்கள். மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதால், கல்திட்டையில் கிடத்தப்பட்டவர் இவர்களுக்கு மூதாதையரா, வேற்றாரா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஒரு கல்திட்டையின் அடியில் நாளை ஒரு மண்டையோடு சிதையாமல் கிடைத்தாலும், அதை அளந்தும் அதன் மரபணுவைப் பிரித்தும் இக்கேள்விக்கு விடை கண்டுவிட முடியுமா என்பதே சிந்திக்கத்தக்கது.

மலையாளிகளின் தோற்றக் கதையே இதற்கு முதல் தடையை எழுப்புகிறது. வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இடம்பெற்ற அக்கதையின்படி, கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதால் ஏழு கன்னியரைக் கவர்ந்து செல்ல, அவர்களை மீட்க ஏழு வேளாளர் தம் நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் தனியே திரும்பினால் தாங்கள் இறந்துவிட்டதாகக் கொள்ளுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் வந்ததால் நாய்கள் திரும்பிவிட, மனைவியர் இறுதிச் சடங்குகளைச் செய்து முடித்தனர். வேடரை வென்று உயிரோடு மீண்டவர்கள், சடங்கின்படி தாம் இறந்தவர்களே என்பதால் ஊருக்குள் ஏற்கப்படாமல், வேடர் குலப் பெண்களை மணந்து இம்மலையில் குடியேறினார்களாம். இது வரலாற்று ஆவணம் அன்று என்றாலும், இதில் பொதிந்துள்ள எண்ணம் ஆழமானது: ஒரு மனிதனை இறந்தோர் வரிசையில் சேர்ப்பதும் ஒரு குடியிலிருந்து விலக்குவதும் உடலின் நிலை அன்று, உயிரோடிருப்போர் செய்யும் வினையே என்கிறது கதை. தூய குருதியைக் கோரும் குலக்கதைகள் மலிந்த நாட்டில், தந்தை வழி ஒரு குலமும் தாய் வழி வேறொரு குலமும் என்று கலப்பையே தொடக்கமாக இக்கதை ஒப்புக்கொள்வது போற்றத்தக்கது.

மண்டையோட்டு ஆய்வு நெடுங்காலம் இதற்கு நேர்மாறான நம்பிக்கையில் இயங்கியது. தலையின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்துக் கிடைக்கும் தலைக்குறியீட்டெண் மாறாத இன அடையாளம் என்று கருதப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய தர்ஸ்டனே அளவுகருவியோடு குலங்குலமாக மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர்தான். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை ஆராய்ந்து, சாலி சக்கர்மன் 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக ஒரு நூல் எழுதினார். அவற்றுள் ஒன்று ஆஸ்திரலாய்டு சாயலும் மற்றொன்று நடுநிலக்கடல் மக்களின் சாயலும் கொண்டது என்ற முடிவு, தமிழரின் தோற்றம் பற்றிய பல வாதங்களுக்குச் சான்றாக நெடுநாள் நின்றது.

சக்கர்மன் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அந்நாடு அப்போது, கால்நடை மேய்த்த கோய்கோய் மக்களையும் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களையும் சேர்த்துக் குறிக்கும் கோய்சான் மக்களின் மூதாதையரை மண்டையோடுகளில் தேடிக்கொண்டிருந்தது. 1913இல் பாஸ்காப் என்னுமிடத்தில் கிடைத்த பெரிய மண்டையோட்டுத் துண்டுகளிலிருந்து ஒரு தனி மனித இனமே கற்பிக்கப்பட்டு, அது கோய்சான் மக்களின் முன்னோர் இனமாக வைக்கப்பட்டது; பருத்த ஓடுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்ததால் உண்டான மாயை அது என்று ரொனால்டு சிங்கர் 1958இல் காட்டும்வரை அவ்வினம் ஏடுகளில் வாழ்ந்தது. தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களின் எலும்புகளை விரிவாக ஆராய்ந்த கென்னத் கென்னடியும், அச்சின்னங்களைக் கட்டியவர்கள் ஒரே உடலமைப்புடைய தனி இனத்தவர் அல்லர் என்ற முடிவுக்கே வந்தார்.

இன்றைய மரபணுவியல் மண்டையோட்டு அளவீட்டினும் நுட்பமானது. தென்னாப்பிரிக்காவின் பாலிட்டோ விரிகுடாவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறுவனின் மரபணுவை வைத்து, கோய்சான் மக்களின் கிளை பிற மனிதக் கிளைகளிலிருந்து 3,50,000 முதல் 2,60,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருக்கலாம் என்று 2017இல் கணிக்கப்பட்டது. ஆயினும் இது மக்கள்தொகைகளுக்கு இடையிலான உறவேயன்றி, ஒருவர் மற்றொருவருக்குப் பாட்டன் என்ற உரிமை அன்று. ஒருவருக்குப் பெற்றோர் இருவர், அவர்தம் பெற்றோர் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், இருபதாம் தலைமுறையில், அதாவது ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே, முன்னோர் இடங்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிடுகின்றன. நூறு தலைமுறைக்கு முன் இந்நிலத்தில் வாழ்ந்து, வழி அறாமல் நின்ற எவரும் இன்று இங்குள்ள ஏறத்தாழ எல்லோருக்கும் மூதாதையாகவே இருக்கக்கூடும். அதே வேளையில் அவருடைய மரபணுத் துணுக்கு ஒன்றுகூட ஒரு குறிப்பிட்ட வழித்தோன்றலிடம் எஞ்சாமலும் போகலாம். ஆகவே கல்திட்டையில் கிடப்பவரை ஒரு குலத்தின் தனியுடைமையாக்கவும் முடியாது, மலையாளிகளுக்கு அயலார் என்று தள்ளவும் முடியாது.

அப்படியானால் எலும்புக்கு நாம் பட்ட கடன் யாது? உடல் மாயையின் ஆக்கம், அறிவற்ற சடம், உயிர் தன் வினைக்கேற்ப எடுத்துக் கழிக்கும் கருவி என்று சைவ சித்தாந்தம் கொள்வதால், கழித்த கருவியின் மிச்சத்துக்கு உரிமை ஏதும் இல்லை என்று வாதிடலாம். ஆனால் அதே சமயத்தைப் பின்பற்றும் இல்லறத்தான் தென்புலத்தார் கடனை விடுவதில்லை. அக்கடன் உடலின் மதிப்பைப் பற்றியதன்று, கொடுத்துச் சென்றவருக்கும் பெற்று நிற்பவருக்கும் உள்ள அறத்தொடர்பைப் பற்றியது. தர்ப்பணத்திலும் தாய், தந்தை, சுற்றம், நட்பு என எவருமற்ற இறந்தோருக்கு நீர் விடும் முறை உண்டு. வழித்தோன்றல் என்ற சான்று காட்டாமலேயே ஒருவர் இறந்தவருக்குக் கடன்பட முடியும் என்பதை ஏற்கும் இம்முறை, ஆய்வகங்கள் இன்னும் எட்டாத தெளிவு உடையது.

ஆய்வே கூடாது என்பது இதன் பொருளன்று. 1920களில் சதர்லாந்து என்னும் ஊரிலிருந்து கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒன்பது கோய்சான் முன்னோரின் எலும்புகள் 2023 நவம்பரில் அவ்வூரிலேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அதற்கு முன், அவர்தம் குடும்பத்தார் விரும்பியதன்பேரில் எலும்புகள் ஆராயப்பட்டு, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக மீட்டுருவாக்க ஆய்வகத்தில் முகங்கள் வரையப்பட்டன. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரு மண்டையோடுகளுக்கும் அதே பல்கலைக்கழகம் முகம் வரைந்து தர, அவை 2025இல் வெளியிடப்பட்டன. கருவியும் திறமையும் இரண்டிடத்தும் ஒன்றே. சதர்லாந்தில் கேட்டவர்கள் இறந்தோருக்குச் சடங்கு செய்யவிருந்த குடும்பத்தார், கொந்தகையிலோ தமிழரின் தொன்மையை அறிய விழைந்தவர்கள். ஜவ்வாது மலையில் ஒரு கல்திட்டையைத் திறக்க நேர்ந்தால், குள்ளர் இல்லமென்று தலைமுறைகளாக அதற்குப் பெயரிட்டு அதன் அருகே வாழ்ந்துவரும் மலையாளிகளிடம், அவர்கள் வழித்தோன்றல்களா என்பதை நிறுவும் முன்பே இசைவு கேட்க வேண்டும்.