தராசின் முள் எங்கே நிற்கிறது?



அபுதாபி நகரிலிருந்து தென்மேற்கே, பாலைவனத்துக்குள், மதீனத் சாயித் என்று ஓர் ஊர் உண்டு. 2008ஆம் ஆண்டு தொடங்கிய அல் தஃப்ரா விழாவின் ஒட்டக அழகுப் போட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அலுவலக நண்பர்களோடு ஒருமுறை நானும் போயிருந்தேன். தலையின் அமைப்பு, காது, கழுத்தின் நீளம், திமில் இருக்கும் இடம், உதட்டின் தொங்கல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நடுவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அங்கே ஒரு விஷயம் என் மனதில் நின்றது. இளம்பழுப்பு நிறமுள்ள 'அசாயில்' ஒட்டகங்களுக்கு ஒரு பிரிவு. கருநிறமுள்ள 'மஜாஹீம்' ஒட்டகங்களுக்கு வேறொரு பிரிவு. இரண்டும் வெவ்வேறு வம்சம். கறுப்பையும் வெளுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது அழகு என்று அங்கே கேட்பதில்லை.

பரிசு இருக்கும் இடத்தில் மோசடியும் வரும். 2021 டிசம்பரில் சவூதியின் மன்னர் அப்துல் அஸீஸ் ஒட்டக விழாவில், உதட்டிலும் முகத்திலும் ஊசி மருந்து ஏற்றிய குற்றத்துக்காக 40க்கும் மேற்பட்ட ஒட்டகங்களை விலக்கினார்கள். நவீன கருவிகளால் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். ஒட்டகத்தின் உடம்பில் செய்த கள்ளத்தைக் கருவி காட்டிக்கொடுக்கும். நடுவரின் கண்ணிலும், அவர் கையில் உள்ள விதியிலும் இருக்கும் சாய்வை எந்தக் கருவி காட்டும்? இதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

நாய்க் கண்காட்சிகளைப் பாருங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய தரவிதி உண்டு. அதை வைத்தே நடுவர் தீர்ப்புச் சொல்வார். ஜேர்மன் ஷெப்பர்ட் நாய் வெள்ளையாகப் பிறந்தால் அமெரிக்க விதிப்படி அது போட்டியிலிருந்து விலக்கப்படும். அதே வழியில் வந்த வெள்ளை நாய்களை சுவிஸ் நாட்டில் தனி இனமாக வளர்த்தார்கள். உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2011இல் அந்த இனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ஓரிடத்தில் குற்றமான நிறம் இன்னோரிடத்தில் பெருமை. இரண்டு இடத்திலும் நடுவர் நேர்மையானவராகவே இருக்கலாம். மாறியது விதி ஒன்றுதான்.

நிறத்தின் மேல் வைக்கும் ஆசைக்கு விலையும் உண்டு. அகதியாக வந்து தமிழகத்தில் படித்த காலத்தில் ராஜபாளையம் நாய்களைப் பார்த்திருக்கிறேன். 2005இல் இந்தியத் தபால்துறை முத்திரை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு இந்திய நாயினங்களில் அதுவும் ஒன்று. தூய வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். ஆனால் தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவி இயங்குவதற்கும் தேவை. அவை இல்லாமற் போனால் செவிப்புலன் கெடும். அதனால்தான் அந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. ஆசைப்பட்டவர் மனிதர், காது கேளாமல் வாழ்வது நாய்.

இதையெல்லாம் கோயில் மலரில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் என் சொந்தக் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரி விழாவில் சிறுவர் மாறுவேடப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். பேச்சு, வேடம், தோற்றம் என்று மூன்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. மீனாட்சியாக வந்த ஒரு சிறுமி தெளிவான தமிழில் அழகாகப் பேசினாள். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. முடிந்தபின் என்னிடம் வந்து, "மாமா, பவுடர் காணாதா?" என்று கேட்டாள். கறுத்த முகத்தில் தாயார் பூசிவிட்ட பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து என் புள்ளித்தாளை எடுத்தேன். கணக்காளன் அல்லவா, மற்றவர் கணக்கைச் சோதிப்பதுபோல் என்னுடையதையும் சோதித்தேன். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் 'தோற்றம்' என்ற பத்தியில் வெள்ளையான பிள்ளைகளுக்கெல்லாம் எட்டும் ஒன்பதும். கறுத்த பிள்ளைகளுக்கு ஐந்தும் ஆறும். யாருக்கும் வேண்டுமென்று நான் குறைக்கவில்லை. யாரும் எனக்குக் கைக்கூலி தரவில்லை. இருந்தும் கணக்கு பொய்க் கணக்கு. 1995 இடப்பெயர்வுக்குப் பின் சோதனைச் சாவடிகளில் முகத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் எடைபோடப்பட்டவன் நான். அதே வேலையை ஒரு குழந்தைக்குச் செய்துவிட்டேன்.

விருப்பம் குற்றமா? இல்லை. மஜாஹீம் வளர்ப்பவருக்குக் கறுப்பு அழகு, அசாயில் வளர்ப்பவருக்கு வெளுப்பு அழகு. விருப்பம் ஒருவரின் சொந்தப் பொருள். ஆனால் நடுவர் நாற்காலியில் இருந்து புள்ளி போடும்போது அது பிறர்மேல் விழும் தீர்ப்பாகிவிடுகிறது. "நான் மனதறிந்து பிழை செய்யவில்லை" என்பது அப்போது போதிய பதில் ஆகாது. வள்ளுவர் 'நடுவுநிலைமை' அதிகாரத்தில் தராசை உவமையாக வைத்தார். கடையில் நல்ல வியாபாரி சாமானை வைக்குமுன் வெறுந்தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நானோ முள்ளைப் பாராமலே நிறுத்தேன்.

நாம் நடுவராக இருப்பது மேடையில் மட்டுமல்ல. கலியாணப் பேச்சில் படத்தைக் கையில் எடுக்கும்போது, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போய் முதல் வார்த்தை சொல்லும்போது, லட்சுமி வேடம் யாருக்கு என்று தீர்மானிக்கும்போதும் நாம் நடுவர்களே. கருங்கல்லில் வடித்த அம்பாளைக் கைகூப்பித் தொழுதுவிட்டு, வெளி மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நிறம் பார்ப்பது நமக்கு அழகல்ல.

ஆகவே எனது பணிவான வேண்டுகோள்: வருகிற போட்டிகளில் 'தோற்றம்' என்ற பத்தியை எடுத்துவிடுவோம். பேச்சுக்கும், பாத்திரத்தை உணர்ந்த விதத்துக்கும், வேடத்தில் பிள்ளை எடுத்த முயற்சிக்கும் புள்ளி கொடுப்போம். போட்டி முடிந்ததும் நடுவர்கள் தங்கள் தாளைத் தாங்களே ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

அன்று அந்தச் சிறுமிக்கு நான் பதில் சொல்லவில்லை. தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். அவள் இப்போது பெரிய பிள்ளையாகியிருப்பாள். இந்த மலர் அவள் வீட்டுக்கும் போகிறது என்றால், இதுவே என் பதில்: பவுடர் காணாமல் இல்லை, மகளே. பிழை என் தாளில் இருந்தது.