‘வேணும்’ என்று முடிந்த நம்பிக்கை அறிக்கை

(பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு, மறைபரப்பு ஞாயிறு, 2025 அக்டோபர் 19, திருப்பூர் நெருப்பெரிச்சல்)



நாளை தீபாவளி. போனஸை வாங்கிய கையோடு பாதிப் பேர் திண்டுக்கல், தேனி பஸ் ஏறிவிட்டது காலிப் பெஞ்சுகளைப் பார்த்தாலே தெரிகிறது. மீதிப் பேர் வாரமெல்லாம் ஒன்றரை ஷிப்ட் பார்த்த அசதியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று சாமியார் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பார்ப்போம்.

இரண்டாம் வாசகத்தைக் கேட்டீர்கள். பவுல் சிறையில் இருக்கிறார். தன் காலம் முடியப்போகிறது என்று தெரிந்தே எழுதுகிறார். எபேசு சபையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் திமொத்தேயுவுக்கு அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கணக்கு வழக்கைப் பற்றி, எதிராளிகளைச் சமாளிப்பது பற்றி ஏதாவது சொல்வார் என்றுதான் நாம் நினைப்போம். அவரோ, சின்ன வயதிலிருந்து படித்த மறைநூலை விட்டுவிடாதே, யாரிடம் கற்றாய் என்பதை மறந்துவிடாதே என்கிறார். யாரிடம் கற்றார்? பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும். அதே மடலின் முதல் அதிகாரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் இறைவார்த்தையை அறிவி, பொறுமையோடு கற்றுக்கொடு என்பதோடு இன்றைய வாசகம் முடிந்துவிடுகிறது.

அடுத்த வசனத்தை வீட்டில் போய்ப் படியுங்கள். நலமான போதனை கசக்கும் காலம் ஒன்று வரும், ஜனங்கள் தங்கள் காதுக்கு இதமாகப் பேசுகிற ஆட்களைத் தாங்களே தேடிச் சேர்த்துக்கொள்வார்கள் என்று எச்சரிக்கிறார். கவனியுங்கள், பழியைப் போதகர் தலையில் மட்டும் அவர் கட்டவில்லை. காது நம்முடையது.

நாளைய தேதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். பதினாறே பக்கம், ஒரு மறைக்கல்வி நூல். நாளையோடு 447 ஆண்டு நிறைகிறது. நம் திருச்சபை அதற்காக அச்சுக்கூடம் வரை போனதற்குப் பின்னால் ஒரு சங்கடமான கதை இருக்கிறது.

1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். கடலில் பகை இருந்தது, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றியவர்கள் போய்விட்டார்கள், சொல்லிக்கொடுக்க யாரும் தங்கவில்லை. 1542இல் புனித சவேரியார் வந்து, நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே இதைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்த வேகத்துக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் மறைபரப்ப வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்றுவிட்டு அந்தச் செபங்களைப் பார்த்தபோது ஏகப்பட்ட பிழைகள் தெரிந்தன. நம்பிக்கை அறிக்கையில், ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு புனிதர்தான் சொல்லிக்கொடுத்தார், நல்ல மனத்தோடுதான் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, எனக்குக் கடவுள் வேணும் என்று ஒரு கடற்கரையே ஓதியிருக்கிறது.

அடிகளார் அதைத் திருத்தினார். திருத்தியது பல ஊருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர அச்சு வேண்டியிருந்தது. அச்சுச் செலவுக்குப் பரதவ மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரியாகக் கற்றுக்கொடுங்கள் என்று தங்கள் உழைப்பின் காசைக் கொடுத்துக் கேட்ட சபை அது.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டைலர் பிசகினால் ஒரு பீஸ் போகும். பிரித்து ஆல்டர் பண்ணிவிடலாம். கட்டிங் டேபிளில் நூறு அடுக்கு விரித்து, மேலே வைக்கிற பேட்டன் அட்டை கால் இஞ்ச் தப்பியிருந்தால்? நூறு பீஸும் தப்புத்தான். தைக்கிற பிள்ளை எவ்வளவு ஒழுங்காகத் தைத்தாலும் கழுத்து உட்காராது. போதகராக ஆசைப்பட எல்லோரும் முந்தாதீர்கள், நமக்குத் தீர்ப்பு கடுமையாக இருக்கும் என்று யாக்கோபு சொன்னது இதனால்தான். அது குருக்களுக்கு மட்டும் சொன்னதல்ல. அன்பியப் பொறுப்பாளர், மறைக்கல்வி ஆசிரியர், வாசகம் வாசிக்கிற தம்பி தங்கைகள், எல்லோர் கையிலும் ஓர் அட்டை இருக்கிறது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செக்கிங்கில் வேலை பார்க்கிற ஓர் அக்கா, மகனுக்கு வலிப்பு வருகிறது என்று அழுதார். மருந்து கொடுக்கிறீர்களா என்றேன். “நிறுத்திட்டேனுங்க சாமி. நான் செஞ்ச பாவம் பிள்ளை மேல இறங்கியிருக்காமுங்க. மருந்துல எப்படிப் போகும்?” யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஏதோ டிவி போதகர் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். நம் அன்பியக் கூட்டத்தில் என்றார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் செய்யவில்லை, இவர் பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் பதில் சொல்வது யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த வருஷத் தவக்காலத்தில் அந்தப் பகுதியை இதே பீடத்தில் நின்று நான் வாசித்தேன். வாசித்துவிட்டு மறையுரையில் கட்டட நிதியைப் பற்றிப் பேசினேன். அந்தக் கூட்டத்தில் அப்படிச் சொன்னவரை நான் எப்படிக் குறை சொல்வது? அக்கா மறுபடி மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பையன் நன்றாக இருக்கிறான்.

இந்த வருஷம் நம் ஊர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. பல கம்பெனிகளில் ஆர்டர் நின்றது, ஷிப்ட் குறைந்தது. இந்த மாதிரி நேரத்தில்தான் காது அரிக்கும். இவ்வளவு காணிக்கை போடு, இத்தனை நாள் உபவாசம் இரு, ஆர்டர் தானாக வரும் என்று எவராவது சொன்னால் இனிக்கத்தான் செய்யும். அது பழைய பிழைதான். ‘விசுவசிக்கிறேன்’ என்கிற இடத்தில் மறுபடி ‘வேணும்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அப்படியானால் கேட்கவே கூடாதா? இன்றைய நற்செய்தியில் ஒரு கைம்பெண் ‘வேணும், வேணும்’ என்றுதான் நடுவர் வாசலில் நிற்கிறார். அவர் கேட்டது நீதி. சலிக்காமல் கேளுங்கள் என்றுதான் இயேசுவும் சொல்கிறார். ஆனால் உவமையை முடித்துவிட்டு அவர் கேட்கிற கேள்வி வேறு. மானிட மகன் திரும்பி வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரா என்று கேட்கிறார். எத்தனை பேருக்குக் கேட்டது கிடைத்தது என்று அவர் விசாரிக்கவில்லை.

தீபாவளி முடிந்து வருகிற புதன்கிழமையிலிருந்து அன்பியப் பொறுப்பாளர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இரவு ஒன்பது மணிக்கு இங்கே வாருங்கள். ஷிப்ட் முடித்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர நேரம் சரியாக இருக்கும். விவிலியத்தைக் கையில் கொண்டு வாருங்கள், போனில் வேண்டாம். யோவான் 9இலிருந்து ஆரம்பிக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று நானும் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

இப்போது நம்பிக்கை அறிக்கை. தமிழில் அந்த வினைச்சொல் வரியின் கடைசியில்தான் வரும். வாரா வாரம் மூச்சு வாங்குகிற அவசரத்தில் அதைத்தான் விழுங்குகிறோம். இன்றைக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் நிறுத்திச் சொல்வோம். எழுந்து நில்லுங்கள்.