வரையாடும் கொல்லாமையும்

சென்னிமலையில் வாழும் நாம் வரையாட்டை நேரிற் காண்பது அரிது. கோவைக்குத் தெற்கே ஆனைமலையிலும், வடமேற்கே நீலகிரியிலும், உயர்ந்த புல்வெளிகளை ஒட்டிய பாறைச் சரிவுகளில் அது வாழ்கின்றது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இதனை இமயமலைக் காட்டாட்டின் நெருங்கிய உறவென்றே அறிஞர் முன்பு கருதினர். செம்மறி இனத்திற்கே இது நெருங்கியது என 2005ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு காட்டிற்று.

2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகள் காணப்பட்டன. தனித்தனி மலைகளில் ஒதுங்கிய மந்தைகள் எங்குச் செல்கின்றன என அறியக் கழுத்திலே ரேடியோ பட்டை அணிவிக்கின்றனர். அதற்கு மயக்க ஊசி வேண்டும். 2023இல் முக்குருத்தித் தேசியப் பூங்காவில் இம்முயற்சியின்போது ஒரு வரையாடு இறந்தது.

இனத்தைக் காக்க ஓருயிரை வருத்தலாமோ? ஏட்டில் அவ்வாடு ஓர் எண். அதற்கோ அதுவே முழு உயிர். எனவே நல்ல நோக்கம் ஒன்றே தீங்கைக் கழுவிவிடாது. ஆயினும் ஒன்றும் செய்யாதிருத்தலும் அகிம்சை ஆகாது. புல்வெளிகளைத் தேயிலைக்கும் சீகை மரத்திற்கும் ஆக்கி மந்தைகளைப் பிரித்தவர் மனிதரே அன்றோ?

இம்சையின் வேர் அசட்டை என்பது சமண அறம். புழுக்கையைக் கொண்டே மரபணுவை அறியலாம். தொடாமல் அறியத்தக்கதைத் தொட்டு அறிதல் தகாது. தொட்டே தீரவேண்டிய இடத்து, அவ்வோர் உயிரே இனம் முழுவதும் என்னும் விழிப்போடு தொடுதல் வேண்டும். அவ்விழிப்பே ஆய்வாளர்க்குரிய நோன்பு என்போம்.