பிழை யார் பக்கம்

போன மாதம் அக்கா நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டாள். மருமகனுக்கு ஆறு வயது, இரண்டு வருடமாகத் திக்குகிறான். அங்கே ஒருவர் என்.எல்.பி. முறையில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம் நடத்துகிறாராம். ஆழ்மனதில் பதிந்திருக்கும் பழைய புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுப்பாராம். கட்டணம் 18,000 ரூபாய்.

"லேய், நீயும் சின்னதுல ஒரு ஹிப்னாடிச சாருகிட்ட போனல்லா? மூணு நாளு தடங்கலே இல்லாம பேசினியே, எனக்கு நல்ல ஓர்மை இருக்கு. அப்பம் அதுல என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது உண்மை.

எனக்குக் ககரம் வராது. சொல்லின் தொடக்கத்தில் 'க' வந்தால் தொண்டையில் யாரோ கதவைச் சாத்துவதுபோல இருக்கும். எந்த மாவட்டம் என்று கேட்டால் 'நாகர்கோவில் பக்கம்' என்பேன். கன்னியாகுமரி என்று சொல்லித் தப்பித்ததாக நினைவில்லை. திக்குபவர்கள் எல்லோருமே நடமாடும் நிகண்டுகள்தான், ஒரு சொல்லுக்கு நாலு மாற்றுச்சொல் கைவசம் வைத்திருப்போம். 2004-ல் எனக்குப் பதினாலு வயது. அப்பா என்னை ஒரு மாடி அறைக்குக் கூட்டிப் போனார். ஒருவர் என்னைச் சாய்நாற்காலியில் படுக்கவைத்து, இருபதிலிருந்து தலைகீழாக எண்ணினார். நாக்கு பஞ்சாகிவிட்டது என்றார், பேசு என்றார். நான் பேசினேன். கன்னியாகுமரி, கடுக்கரை, குளச்சல், கொட்டாரம் எல்லாம் வந்தது. அப்பா அழுதுவிட்டார்.

நான்காம் நாள் காலை, பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது கதவு மறுபடி சாத்திக்கொண்டது. திரும்பப் போனோம். அவர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, வித்தையில ஒரு கொறையும் இல்ல பாத்துக்கோ. உன் ஆழ்மனசுதான் சம்மதிக்க மாட்டேங்கு. நீ மாறணும்னு நீ நெனைக்கணும்லா?" பேருந்தில் அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "கொஞ்சம் மனசு வச்சாத்தான் என்னலே" என்றார்.

பிறகு ஏழெட்டு வருடம், நான் வேண்டுமென்றே திக்குகிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மனசு வைக்கத் தெரியாதவன் என்று.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஆச்சி எனக்குக் கட்டிய மந்திரித்த கயிற்றை அரிவாள்மனையில் அறுத்து எறிந்தவர் அவர். எங்கள் ஊர் வாசகசாலையில் கோவூரை வரிவிடாமல் படித்தவர். ஆபிரகாம் கோவூர் 1898-ல் திருவல்லாவில் பிறந்து, இலங்கையில் பல காலம் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால்விட்டவர். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு அவர் செய்த சிகிச்சைகளில் ஹிப்னாடிசமும் உண்டு. அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கயிறு மூடநம்பிக்கை, ஹிப்னாடிசம் சயன்ஸ். சந்தேகப்படும் மனம் எந்த வாசலில் காவலுக்கு நிற்காதோ, அந்த வாசல் வழியாக அந்த மாடி அறைக்காரர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

ஹிப்னாடிசம் முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1784-ல் பாரிசில் மெஸ்மரின் 'விலங்குக் காந்தம்' பற்றி விசாரித்த அரச குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றிவிட்டு, கண்ணைக் கட்டிய ஒரு பையனை மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள். அவன் மயங்கி விழுந்தது வேறொரு மரத்தடியில். காந்தம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் பையன் மயங்கியது நிஜம்தானே? அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர் நம்மூர்க்காரர் ஒருவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கோவாவில் கண்டோலிமில் 1756-ல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. (மாண்டி கிறிஸ்டோ நாவலில் வரும் சிறைப் பாதிரிக்கு அவர் பெயர்தான்.) 1813-ல் பாரிசில் சொற்பொழிவுகள் நடத்தி அவர் சொன்னது இது: செய்கிறவனிடமிருந்து எந்தச் சக்தியும் வெளிப்படுவதில்லை, நடப்பதெல்லாம் படுத்திருப்பவனின் மனத்துக்குள்தான். இன்றைக்கும் வலிக்கும், சிலவகைக் குடல் நோய்க்கும் ஹிப்னாடிசம் ஓரளவு உதவுவதற்கு ஆதாரம் இருக்கிறது. ஃபாரியா சொன்ன வழியில்தான் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சக்தி முழுக்க நோயாளியிடம் என்றால், பலிக்காதபோது பழியும் அவனிடமே போய்ச் சேரும். ஃபாரியா தன் பெருமையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதை, பின்னால் வந்தவர்கள் தங்கள் தோல்வியை மறைக்க எடுத்துக்கொண்டார்கள்.

என்.எல்.பி. அந்த வரிசையில் வந்ததுதான். 1970-களில் கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரிண்டரும் தொடங்கியது. அவர்கள் பார்த்து எழுதிய நிபுணர்களில் மில்டன் எரிக்சன் என்ற ஹிப்னாடிச மருத்துவரும் ஒருவர். 2016-ல் என் கம்பெனியிலேயே இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். கண் இந்தப் பக்கம் போனால் நினைவு, அந்தப் பக்கம் போனால் பொய் என்று பயிற்சியாளர் படம் போட்டார். அதற்கு நாலு வருடம் முன்பே, 2012-ல், ரிச்சர்ட் வைஸ்மன் குழு அதைச் சோதித்து, அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று வெளியிட்டிருந்தது. அதற்கும் வெகுமுன்பு, 1988-ல், அமெரிக்க ராணுவத்துக்காக நேஷனல் ரிசர்ச் கவுன்சில் தயாரித்த அறிக்கையும் என்.எல்.பி. பலன் தருவதற்குச் சான்று காணவில்லை. ஆனாலும் எங்கள் ஹாலில் நாற்பது இன்ஜினியர்கள் குறிப்பெடுத்தோம். 'புரோகிராமிங்' என்ற சொல் எங்களை அப்படி உட்காரவைத்துவிட்டது.

எனக்கு உறுத்தியதும் அதே சொல்தான். நான் எழுதிய புரோகிராம் விழுந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புவது என்னைத்தான். சர்வருக்கு மாற விருப்பமில்லை என்று மேனேஜரிடம் நான் சொல்லமுடியாது. எழுதியவன் தப்பித்துக்கொள்ள, மெஷின் தலையில் குற்றம் விழுகிற ஒரே புரோகிராமிங் இதுதான். எதிர்ப்பு வந்தால் அது செய்கிறவரின் வளைந்துகொடுக்காத்தனம் என்று அவர்கள் கொள்கையிலேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஏட்டில் இருக்கிறது. மாடி அறைகளில் வேறு கதை.

சரி, அந்த மூன்று நாள்? பதில் எங்கள் ஊர் கொடையிலேயே இருந்திருக்கிறது, கவனித்ததில்லை. சுடலைமாடன் கோவிலில் வில்லுப்பாட்டு நடக்கும்போது சிறுவர்கள் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, புலவர் சொல்லச் சொல்ல "ஆமா" போடுவோம், கூடவே பாடுவோம். அங்கே நான் ஒருமுறைகூடத் திக்கியதில்லை. பாடும்போதும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலாகப் பேசும்போதும் பெரும்பாலானவர்களுக்குத் திக்கல் விட்டுப்போகும். புது தாளத்தில், புது குரலில் பேசினாலும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான். அந்த அறையில் நான் பேசியது என் குரலில் அல்ல, அவருடைய மெதுவான குரலில்.

அதே கொடையில் வரத்துப் பாட ஆரம்பித்ததும் கோமரத்தாடிக்கு உடல் உதறும். ஒரு வருடம் வில்லும் உடுக்கும் எவ்வளவோ முழங்கியும் அவருக்குச் சாமி வரவில்லை. நீ மனசு வைக்கவில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. படையலில் என்ன குறை, பாட்டில் எங்கே பிசகு என்று ஊரே தன்னைத்தான் கேட்டுக்கொண்டது. மறுநாள் அவர் வழக்கம்போல வாழைக்குலை ஏற்றப் போனார். இதை வைத்து எல்லா நம்பிக்கைத் தலங்களுக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன இருபத்தெட்டு பேரை நான் மறக்கவில்லை.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சின்ன வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே அது போய்விடும், அந்த நேரத்தில் எந்த முகாமுக்குப் போனாலும் முகாம்தான் பேர் வாங்கும் என்றேன். "அப்பம் போகாதவனுக்கு?" என்றாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நான் லீவு போட்டு வருகிறேன் என்றேன். "முகாமுக்குப் போயி செரியாகலேன்னா அவன்கிட்ட என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்பா சொன்னது அவளுக்கும் ஓர்மை இருந்திருக்கலாம்.

போன வியாழக்கிழமை அவனைக் கூட்டிப்போனேன். பயிற்சி தரும் பெண் அவனோடு தரையில் உட்கார்ந்து, முக்கால் மணிநேரம் பொம்மைக்கார் ஓட்டினார். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றார். திரும்பும்போது பைக்கில் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தலையைத் திருப்பி, "மா... மா... மாமா, இது போயிருமா?" என்றான்.

"தெரியல மக்கா. க... க... கன்னியாகுமரிக்குப் போவமா?" என்றேன்.

அவன் சிரித்தான்.